கம்யூனிகேஷன்ஸ் டீம்ல ஏஐ கொண்டு வரச் சொல்றாங்க, எந்த வேலைல இருந்து ஆரம்பிக்கிறது?

நிவேதா_காம்ஸ்:

வணக்கம். சென்னைல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ஸ்ல இருக்கேன், ஏழு வருஷம் ஆச்சு, கம்பெனி பேர் வேண்டாம். டீம்ல மொத்தமே நாலு பேர். ப்ரெஸ் ரிலீஸ், எம்டி பேச்சு, லிங்க்ட்இன் போஸ்ட், மூணு மாசத்துக்கு ஒருக்கா வர்ற ஹவுஸ் மேகஸின், டவுன்ஹால்னு எல்லா ஊழியரையும் கூட்டி நடத்துற மீட்டிங்குக்கு ஸ்லைடு, ஒரகடத்துலயும் ஓசூர்லயும் ப்ளான்ட் நோட்டீஸ் போர்டுல ஒட்டுற சர்க்குலர் வரைக்கும் எல்லாமே இந்த நாலு பேர் கை வழியா தான் போகுது.

போன மாசம் மேல இருந்து சொல்லிட்டாங்க, மார்ச்சுக்குள்ள டீம் ஏஐ-க்கு மாறிடணும், எத்தனை மணி நேரம் மிச்சம் ஆச்சுன்னு மாசாமாசம் ஒரு நம்பர் வேணும்னு. கோபைலட்னு மைக்ரோசாஃப்டோட ஏஐ டூல், அதுக்கு லைசென்ஸும் வாங்கிக் குடுத்துட்டாங்க. ட்ரெய்னிங்னு ஒரு மணி நேரம் வெபினார் நடந்துச்சு, அதுல நீளமான மெயிலை எப்படி சுருக்குறதுன்னு காட்டினாங்க, அவ்ளோ தான்.

உண்மையைச் சொல்லணும்னா எங்க டீம்ல ஏற்கனவே எல்லாரும் யூஸ் பண்ணிட்டு தான் இருக்காங்க. 2022 நவம்பர் கடைசில சாட்ஜிபிடி வந்துச்சுல்ல, அதுக்கப்புறம் கொஞ்ச நாள்லயே அவங்கவங்க போன்ல, ஃப்ரீ அக்கவுண்ட்ல, யார்கிட்டயும் சொல்லாம ஆரம்பிச்சிருக்காங்க. எனக்கு தெரிய வந்தது மேகஸின் வேலைல தான். ஓசூர் ப்ளான்ட் ப்ரெஸ் ஷாப்ல (தகடை டைங்கிற அச்சுல வச்சு அடிச்சு வடிவம் கொண்டு வர்ற இடம்) 31 வருஷம் வேலை பார்த்த ஒருத்தர் ரிட்டயர் ஆகுறார், அவரைப் பத்தி ஒரு பக்கம் போடணும். வந்த டிராஃப்ட் "இன்றைய வேகமாக மாறிவரும் உலகில்"னு ஆரம்பிக்குது, "அர்ப்பணிப்பின் மறுவடிவம்", "இளைய தலைமுறைக்கு ஒரு கலங்கரை விளக்கம்"னு போகுது. எழுத்துப்பிழை ஒண்ணு கூட இல்ல. ஆனா அவர் பேரை எடுத்துட்டு அந்தப் பக்கத்துல யார் பேரை வேணா போடலாம்.

மனசு கேக்கல, ஓசூருக்கு போன் போட்டு அவர்கிட்டயே பேசினேன். டை தேய்ஞ்சிருக்கான்னு அளந்து பாக்குறதுக்கு முன்னாடியே ப்ரெஸ் அடிக்கிற சத்தத்துலயே தெரிஞ்சிடும்மா, நல்ல டைனா டக்குனு விழும், தேய்ஞ்சதுன்னா லேசா இழுக்கும்னு சொல்லி, அந்த ரெண்டு சத்தத்தையும் வாயாலயே பண்ணிக் காட்டினார். இது தான அந்தப் பக்கம்? எழுதின பொண்ணு அவர்கிட்ட பேசவே இல்ல, ஹெச்ஆர் அனுப்பின நாலு வரி விவரத்தை போட்டு வாங்கியிருக்காங்க. அவங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன், அன்னைக்கு அவங்க கையில ஆறு வேலை இருந்துச்சு, அதுல நாலு நான் குடுத்தது.

அதனால தான் கேக்குறேன். உங்க டீம்ல எதை முதல்ல ஏஐ கிட்ட குடுத்தீங்க, எதைக் குடுக்கவே கூடாதுன்னு வச்சிருக்கீங்க? தமிழ் எப்படி வருது? ஏஐ வச்சு எழுதினோம்னு படிக்கிறவங்ககிட்ட சொல்றீங்களா? அந்த "மணி நேரம் மிச்சம்" நம்பரை எப்படி குடுக்குறீங்க? டூல் விக்கிறவங்க சொல்றது நிறைய கேட்டாச்சு, வேலை பாக்குறவங்க சொல்லுங்க.


ஓசூர்_ஷிஃப்ட்_ஏ:

நிவேதா மேடம், நான் ப்ளான்ட் ஹெச்ஆர், ஆனா இங்க கம்யூனிகேஷனும் என் தலையில தான். தமிழ் பத்தி கேட்டீங்கள்ல, அதுக்கு மட்டும் விரிவா சொல்றேன்.

எங்க கம்பெனில போன வருஷம் சேஃப்டி டிபார்ட்மெண்ட் ஒரு இங்கிலீஷ் சர்க்குலர் அனுப்பிச்சு. லோட்டோ ட்ரில், சனிக்கிழமை காலைல, எல்லா லைனும் கலந்துக்கணும்னு. லோட்டோன்னா தெரியாதவங்களுக்கு: மெஷின் ரிப்பேர் பாக்குறதுக்கு முன்னாடி கரண்டை ஆஃப் பண்ணி, ஸ்விட்ச்சுல பூட்டு போட்டு, பேர் எழுதின டேக் மாட்டணும், உள்ள ஆள் இருக்கும்போது வேற யாரும் வந்து ஆன் பண்ணிடக் கூடாதுன்னு. இங்கிலீஷ்ல அதுக்கு பேர் லாக்அவுட் டேக்அவுட். ஹெட் ஆபீஸ்ல இருந்த தம்பி அதை ஏஐல போட்டு தமிழ் பண்ணி நேரா எங்களுக்கு அனுப்பிட்டார், நாங்களும் அவசரத்துல பிரிண்ட் எடுத்து கேன்டீன் பக்கத்துல ஒட்டிட்டோம். தலைப்பு என்ன தெரியுமா, "சனிக்கிழமை கதவடைப்பு பயிற்சி".

கதவடைப்புன்னா தொழிலாளிக்கு ஒரே ஒரு அர்த்தம் தான். நிர்வாகம் கேட்டை இழுத்து மூடி தொழிலாளியை வெளிய நிறுத்துறது. அப்போ சம்பள ஒப்பந்தப் பேச்சுவார்த்தை வேற நடந்துட்டு இருந்துச்சு. பத்தரை மணி டீ பிரேக்ல யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட, மத்தியான சாப்பாட்டுக்குள்ள ரெண்டு ஷிஃப்டுக்கும் போயிடுச்சு. யூனியன் செயலாளர் அந்தப் பேப்பரைக் கிழிச்சுக் கையில வச்சுக்கிட்டு என் ரூமுக்கு வந்து, "என்ன சார், பயிற்சி எடுத்துட்டு தான் மூடப் போறீங்களா"ன்னு கேட்டார். அவர் முகத்துல கோபத்தை விட பயம் தான் அதிகம் தெரிஞ்சுது, வீட்டுக் கடன் இருக்குற மனுஷன். அன்னைக்கு சாயந்திரம் மைக் வச்சு ஒவ்வொரு லைன்லயும் நின்னு விளக்கினோம். மூணு வாரம் ஆச்சு அந்தப் பேச்சு அடங்க.

அந்தத் தம்பிக்கு தமிழ் நல்லா தெரியும், டூலும் அகராதிப்படி தப்பு சொல்லல. ப்ளான்ட்ல அந்த வார்த்தை எப்படி ஓடுதுன்னு ரெண்டுக்கும் தெரியாது, அவ்ளோ தான். அதுக்கப்புறம் தேடிப் பார்த்தா இந்த மாதிரி நிறைய சிக்குச்சு. கேபிள் டெர்மினேஷன், அதாவது கேபிள் முனையை இணைக்கிற வேலை, "பணிநீக்க வேலை"ன்னு வந்திருக்கு. வருஷாந்திர மெயின்டெனன்ஸ் ஷட்டவுன் "ஆலை மூடல்"னு வந்திருக்கு. ரொம்ப ஆபத்தானது இதெல்லாம் கூட இல்ல, ஒரு எக்ஸ்கிரேஷியா (கம்பெனி தானா விரும்பிக் குடுக்குற தொகை) சர்க்குலர்ல போர்டு ஒப்புதலுக்கு உட்பட்டு "வழங்கப்படலாம்"னு வரவேண்டியது "வழங்கப்படும்"னு வந்திருந்துச்சு. அதை ஒட்டியிருந்தா நாங்க எழுத்துல வாக்கு குடுத்த மாதிரி, அப்புறம் லேபர் ஆபீசர் முன்னாடி போய் மெஷின் தப்புன்னா சொல்ல முடியும்?

இப்போ எங்ககிட்ட 140 வார்த்தைல ஒரு பட்டியல் இருக்கு, லைன்ல என்ன சொல்றாங்களோ அதே வார்த்தை. லோட்டோ லோட்டோவாவே இருக்கும், டை டையாவே இருக்கும், ஷட்டவுன் ஷட்டவுன் தான். அதை ஒவ்வொரு தடவையும் டூலுக்கு முன்னாடியே குடுத்துடறோம். அது போக ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு சீனியர் ஆபரேட்டர் படிச்சுப் பாத்து கையெழுத்துப் போடணும். ஆபீஸ்ல இருக்குறவங்க கையெழுத்து செல்லாது.

நல்லதும் சொல்லணும். எங்ககிட்ட ஒடிசால இருந்தும் பீகார்ல இருந்தும் நிறைய பேர் இருக்காங்க. முன்னாடி ஒடியால நோட்டீஸ் வேணும்னா வெளிய குடுத்து ஒரு வாரம் ஆகும், அதனால பாதி நேரம் போடவே மாட்டோம், அவங்க பக்கத்துல இருக்குறவனைக் கேட்டு தெரிஞ்சுக்க வேண்டியது தான். இப்போ அன்னைக்கே போடுறோம், புவனேஸ்வர்ல இருந்து வந்த ஒரு சூப்பர்வைசர் படிச்சு சரி பண்ணிக் குடுக்குறார். சேஃப்டி விஷயத்துல இது சின்ன காரியம் இல்ல.


ஐஆர்_டெஸ்க்:

நான் லிஸ்டட் கம்பெனில, அதாவது ஷேர் மார்க்கெட்ல இருக்குற கம்பெனில, இன்வெஸ்டர் ரிலேஷன்ஸ் (முதலீட்டாளர்கிட்ட பேசுற வேலை), கம்யூனிகேஷன்ஸ் டீமோட சேர்ந்து தான் ரிசல்ட்ஸ் ரிலீஸ் பண்ணுவோம். நிவேதா, உங்க கம்பெனியும் லிஸ்டட்னா இதை இன்னைக்கே உங்க டீம்கிட்ட சொல்லுங்க, பாலிசி எழுதுற வரைக்கும் காத்திருக்காதீங்க.

காலாண்டு ரிசல்ட் அறிவிக்கிறதுக்கு முன்னாடி இருக்குற டிராஃப்ட், டிவிடெண்ட், கம்பெனி வாங்குறது விக்கிறது, எம்டி மாறுறது இதெல்லாம் ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கிற செபியோட 2015 இன்சைடர் ட்ரேடிங் (உள் தகவல் வச்சு ஷேர் வாங்கி விக்கிறது) விதிகள்படி வெளியிடாத, விலையைப் பாதிக்கிற தகவல். அது யார் யார்கிட்ட போச்சுன்னு ஒரு டிஜிட்டல் பதிவேடு வச்சிருக்கணும், பேர், பான் நம்பரோட. ஒரு ஜூனியர் ராத்திரி பதினோரு மணிக்கு அந்த டிராஃப்டை தன்னோட ஃப்ரீ அக்கவுண்ட்ல ஒட்டி "இதைக் கொஞ்சம் ஷார்ப்பா எழுதிக் குடு"ன்னு கேட்டா, அந்தத் தகவல் கம்பெனியை விட்டு வெளிய போயாச்சு, பதிவேட்டுல அது இல்ல. கெட்ட எண்ணமே இல்லாம நடக்குறது இது. சாம்சங்ல 2023-ல இன்ஜினியர்கள் சோர்ஸ் கோடையும் மீட்டிங் குறிப்பையும் சாட்ஜிபிடில போட்டது வெளிய வந்து, மே மாசம் கம்பெனி டிவைஸ்ல இந்த மாதிரி டூலே கூடாதுன்னு நிறுத்தினாங்க. நம்ம நிதி அமைச்சகமே 2025 ஜனவரி கடைசில ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சாட்ஜிபிடி, டீப்சீக் மாதிரி டூல் வேண்டாம்னு தன்னோட ஊழியர்களுக்குச் சொல்லிச்சு.

தடை போட்டா மட்டும் நிக்காது, அதையும் சொல்லிடறேன். ஆபீஸ்ல தடைன்னா போன்ல பண்ணுவாங்க, உங்க டீம்ல நடந்தது அது தான். கம்பெனி காசு குடுத்து வாங்கின, டேட்டாவை ட்ரெய்னிங்குக்கு எடுக்க மாட்டோம்னு ஒப்பந்தம் இருக்குற டூலைக் குடுங்க, குடுத்துட்டு அதுலயும் ரிசல்ட் டிராஃப்ட் போகக் கூடாதா போகலாமான்னு கம்பெனி செக்ரட்டரி கிட்ட எழுத்துல வாங்குங்க. எங்க செக்ரட்டரி வேண்டாம்னு சொல்லிட்டாங்க, நாங்க போடுறது இல்ல.

அப்போ எதுக்கு யூஸ் பண்றோம்னா, ஏற்கனவே வெளிய வந்த தகவலுக்கு. கடைசி எட்டு குவார்ட்டரோட அனலிஸ்ட் கால் (ஷேர் ஆய்வாளர்கள் கம்பெனிகிட்ட கேள்வி கேக்குற போன் மீட்டிங்) ட்ரான்ஸ்கிரிப்ட் எல்லாம் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் சைட்லயே இருக்கு, அதைக் குடுத்து எந்தக் கேள்விக்கு நாம சரியா பதில் சொல்லாம விட்டோம், எதைத் திரும்பத் திரும்ப கேக்குறாங்கன்னு எடுக்கச் சொல்றோம். இது பிரமாதமா வருது. போன தடவை, மூலதனச் செலவு பத்தி ரெண்டு குவார்ட்டர்ல ரெண்டு விதமா பதில் சொல்லியிருக்கோம்னு அது தான் காட்டிக் குடுத்துச்சு, நாங்க யாரும் கவனிக்கல, சிஎஃப்ஓ அன்னைக்கு ராத்திரியே உக்காந்து அந்தப் பதிலைச் சரி பண்ணினார். ரிசல்ட் அன்னைக்கு போர்டு மீட்டிங் மார்க்கெட் நேரத்துல முடிஞ்சா 30 நிமிஷத்துல எக்ஸ்சேஞ்சுக்குப் போகணும், மார்க்கெட் மூடினதுக்கு அப்புறம் முடிஞ்சா 3 மணி நேரம். அந்த அரை மணி நேரத்துல எந்தப் புது டூலையும் தொட்டுப் பாக்க மாட்டோம். கண்ணு ரெண்டு ஜோடி, ஒருத்தர் வாசிக்க ஒருத்தர் டிக் போட, பழைய முறை தான்.


பழைய_சப்எடிட்டர்:

பதினாறு வருஷம் பத்திரிகைல தமிழ் டெஸ்க்ல இருந்தேன், இப்போ கம்பெனிகளுக்கு எழுதிக் குடுக்குறேன். ரெண்டு பக்கமும் பாத்தவன்ங்கிறதால ஒரு விஷயம் சொல்றேன் தங்கச்சி.

இப்போ டெஸ்க்குக்கு வர்ற ப்ரெஸ் ரிலீஸ்ல தலைவர் சொன்னதா ஒரு மேற்கோள் இருக்கும் பாருங்க, பத்து கம்பெனிக்கும் ஒரே மேற்கோள். "இந்த மைல்கல்லை எட்டியதில் பெருமிதம் கொள்கிறோம்." ஏஐக்கு முன்னாடியும் அது அப்படித்தான் இருந்துச்சு, அதை மறுக்கல. ஆனா முன்னாடி அந்தப் பொய்யான வரியை ஒரு ஆள் எழுதி, அதைத் தலைவருக்கு அனுப்பி, அவர் ரெண்டு வார்த்தை மாத்துவார், அதுக்குள்ள அவர் வாயில இருந்து ஒண்ணாவது வரும். இப்போ மெஷின் மேற்கோளையே உண்டாக்கிக் குடுத்துடுது, அவர் போன்ல ஓகேன்னு கட்டைவிரலைப் போட்டு அனுப்பிடறார். அவர் பேசாத பேச்சு அது. என் வழக்கம், மேற்கோள் வேணும்னா தலைவரோட அஞ்சு நிமிஷம் பேசி ரெக்கார்ட் பண்ணி அதுல இருந்து தான் எடுப்பேன். மீதி ரிலீஸை யார் வேணா எழுதட்டும்.

இன்னொண்ணு, ஆதாரம். டெலாய்ட்னு பெரிய கன்சல்டிங் கம்பெனி, அதோட ஆஸ்திரேலியா பிரிவு அங்க இருக்குற வேலைவாய்ப்புத் துறைக்கு சுமார் 4,40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு ஒரு ரிப்போர்ட் குடுத்துச்சு, அதுல இல்லாத ஆய்வுக் கட்டுரை எல்லாம் அடிக்குறிப்புல இருந்துச்சு, நீதிமன்றத் தீர்ப்புல இல்லாத ஒரு வரியை மேற்கோளா போட்டிருந்தாங்க. ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கண்டுபிடிச்சுச் சொன்ன பிறகு 2025 அக்டோபர்ல திருத்தின ரிப்போர்ட் வந்துச்சு, பணத்துல ஒரு பகுதியையும் திருப்பிக் குடுத்தாங்க. அவ்ளோ பெரிய இடத்துலயே படிக்காம போயிருக்குன்னா நாலு பேர் டீம்ல எவ்வளவு சுலபம்னு யோசிங்க.

குடுக்கவே கூடாதது எதுன்னு கேட்டீங்க. சாவு. அதை மட்டும் நான் பிடிவாதமா சொல்வேன். 2023 பிப்ரவரில அமெரிக்கால மிச்சிகன் ஸ்டேட் யூனிவர்சிட்டில துப்பாக்கிச் சூடு நடந்து மூணு மாணவர்கள் செத்துப் போனாங்க. வேற ஊர்ல இருக்குற வாண்டர்பில்ட் யூனிவர்சிட்டியோட பீபாடி காலேஜ்ல இருந்து மாணவர்களுக்கு ஒரு ஆறுதல் மெயில் போச்சு, நாம ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்கணும்ங்கிற மாதிரி. அந்த மெயில் அடில சின்ன எழுத்துல, இது சாட்ஜிபிடில இருந்து எடுத்து எழுதினதுன்னு ஒரு வரி. மாணவர்கள் கொதிச்சுப் போயிட்டாங்க. மறுநாளே மன்னிப்புக் கேட்டாங்க, ரெண்டு டீன்கள் தற்காலிகமா பொறுப்புல இருந்து ஒதுங்கினாங்க. கவனிங்க, அவங்க மறைக்கல, ஏஐன்னு வெளிப்படையா சொல்லித்தான் போட்டாங்க. சொன்னதால அந்தக் குத்தம் குறையல. துக்கம் விசாரிக்க ஆள் அனுப்புற வழக்கமே நம்மகிட்ட இல்ல, நேர்ல போய் வாசல்ல நின்னாலே போதும், பேசக் கூட வேண்டாம்னு வளர்ந்தவங்க நாம.

ஒரு தொழிற்சாலைல விபத்துல ஒரு பையன் செத்துப் போனப்போ நான் அந்த இரங்கல் குறிப்பை எழுதினேன். நாலே வரி. அவன் எந்த லைன், எந்த ஊர், கேரம் போர்டுல போன வருஷம் கப் ஜெயிச்சான், இவ்வளவு தான். மூணு மணி நேரம் ஆச்சு. அவங்க அப்பா அந்தப் பேப்பரை லேமினேட் பண்ணி வீட்டுல மாட்டியிருக்கார்னு பின்னாடி கேள்விப்பட்டேன். அந்த மூணு மணி நேரத்தை யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.


பிஆர்_பெங்களூரு:

ஏஜென்சில இருக்கேன். மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா பயந்து பயந்தே இருந்தா உங்க நாலு பேருக்கும் மூச்சு விட நேரம் கிடைக்காது, அதனால எங்க உண்மையிலேயே உதவுதுன்னு சொல்றேன்.

மீடியா மானிட்டரிங். முன்னாடி எங்க ஆபீஸ்ல ட்ரெய்னியா சேர்ந்த பசங்க காலைல அஞ்சரைக்கு பேப்பர் பிரிச்சு, கிளையண்ட் பேர் எங்க வந்திருக்குன்னு தேடி, வெட்டி ஒட்டி, எட்டரைக்குள்ள டாசியர்னு அந்தத் தொகுப்பை அனுப்பணும். இப்போ ஒன்பது மொழில வர்றதைத் திரட்டி சுருக்கம் வந்துடுது, பசங்க ஏழரைக்கு வந்து சரி பாக்குறாங்க. மீட்டிங் குறிப்பு, பழைய ரிலீஸ்ல இருந்து கம்பெனி வரலாறு தேடுறது, ஒரே ரிலீஸை இங்கிலீஷ்ல நாலு நீளத்துல வெட்டுறது, பத்திரிகையாளர் என்ன கேப்பாங்கன்னு இருபது கேள்வி எடுக்குறது, இதுல எல்லாம் தைரியமா இறங்கலாம். எல்லாமே உங்க கண்ணு முன்னாடி இருக்குற பொருளைப் புரட்டிக் குடுக்குற வேலை, இல்லாததை உண்டாக்குற வேலை இல்ல. என் கணக்கு அது தான்.

ஆனா சென்டிமெண்ட் ஸ்கோரை (மக்கள் நல்லா பேசுறாங்களா திட்டுறாங்களான்னு டூல் போடுற மார்க்) நம்பி ரிப்போர்ட் போடாதீங்க, குறிப்பா தமிழ்ல. ஒரு கிளையண்ட் பத்தி ட்விட்டர்ல ஒருத்தர், "சூப்பர் சர்வீஸுங்க, மூணு நாளா போனே எடுக்கல, நல்லா இருங்க"ன்னு போட்டிருந்தார். டூல் அதைப் பாசிட்டிவ்ல போட்டு, அந்த வாரம் மொத்தம் 78 சதவீதம் பாசிட்டிவ்னு காட்டுச்சு. தமிழ்நாட்டுல "நல்லா இருங்க"ன்னு எந்த மாதிரி நேரத்துல சொல்வாங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்? இப்போ தமிழ் கமெண்ட்ல ஐம்பது எடுத்து ஒரு ஆள் படிச்சே ஆகணும்னு வச்சிருக்கோம்.

வெப்சைட்ல சாட்பாட் போடுற வேலை உங்க டீம் பக்கம் வந்தா ஏர் கனடா கேஸைக் காட்டுங்க. பாட்டி இறந்துட்டாங்கன்னு டிக்கெட் போட்ட ஒரு பயணிக்கு, துக்கச் சலுகைக் கட்டணத்தைப் பயணத்துக்கு அப்புறமும் கேட்டு வாங்கலாம்னு சாட்பாட் தப்பா சொல்லிடுச்சு. கம்பெனி, அந்த சாட்பாட் சொன்னதுக்கு அது தான் பொறுப்புங்கிற மாதிரி வாதாடிப் பாத்துச்சு, பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரில அதை ஏத்துக்கல, சுமார் 812 கனடா டாலர் குடுக்கச் சொல்லிடுச்சு. தொகை சின்னது தான், ஆனா மெஷின் சொன்னாலும் கம்பெனி வாக்கு கம்பெனி வாக்கு தான்னு எழுத்துல வந்துடுச்சு. ஷிஃப்ட் ஏ சார் சொன்ன "வழங்கப்படும்" கதையும் இது தான்.

அப்புறம் யாரும் இங்க பேசாத ஒண்ணு, டீப்ஃபேக், அதாவது ஒருத்தர் முகத்தையும் குரலையும் ஏஐ வச்சு போலியா பண்ற வீடியோ. 2024 ஏப்ரல்ல மும்பைல இருக்குற ரெண்டு ஸ்டாக் எக்ஸ்சேஞ்சோட தலைவர்கள், பிஎஸ்இ எம்டி சுந்தரராமன் ராமமூர்த்தி, என்எஸ்இ எம்டி ஆஷிஷ்குமார் சௌஹான் ரெண்டு பேரும் ஷேர் டிப்ஸ் குடுக்குற மாதிரி போலி வீடியோ சுத்தி, ரெண்டு எக்ஸ்சேஞ்சும் எச்சரிக்கை விட வேண்டி வந்துச்சு. அந்த நவம்பர்ல ஆர்பிஐ கவர்னரா இருந்த சக்திகாந்த தாஸ் பேர்ல வந்த வீடியோவுக்கு ஆர்பிஐயே மறுப்பு விட்டுச்சு. உங்க எம்டி முகத்தோட ஒரு வீடியோ ஞாயித்துக்கிழமை ராத்திரி வந்தா யார் யாருக்கு போன் பண்ணணும், எந்த அக்கவுண்ட்ல மறுப்பு போடணும், மூணு வரி மறுப்பு முன்னாடியே தயாரா இருக்கான்னு பாருங்க. ஏஐ திட்டத்துல முதல் வாரமே பண்ண வேண்டிய வேலை இது.


திருவாரூர்_பிள்ளை:

எல்லாரும் சீனியரா இருக்கீங்க, நான் வேலைக்கு சேர்ந்து ரெண்டு வருஷம் தான், இருந்தாலும் ஒரு விஷயம் சொல்லணும்னு தோணுது.

நான் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். சென்னைல கம்யூனிகேஷன் டீம்ல வேலை கிடைச்சப்போ தமிழ் நல்லா எழுதுவேன்னு தான் எடுத்தாங்க, ஆனா உள்ள வந்தா நாள் பூரா இங்கிலீஷ் மெயில் தான். ஒரு மூணு வரி மெயில் அனுப்ப நாப்பது நிமிஷம் ஆகும், a, the மாதிரி ஆர்ட்டிகிள் எங்க போடணும்னு பயம், சீனியர் ஒருத்தர் எல்லாருக்கும் காப்பி போட்டு என் மெயிலைத் திருத்தி அனுப்புவார். மீட்டிங்ல ஐடியா இருந்தும் வாய் திறக்க மாட்டேன். இப்போ நான் தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல எழுதி, அதை டூல்ல போட்டு எங்க தப்பு, ஏன் தப்புன்னு கேக்குறேன். ஏன்னு கேட்டா பொறுமையா சொல்லுது, பத்தாவது தடவை கேட்டாலும் சொல்லுது. ஆறு மாசத்துல எனக்கு இங்கிலீஷ் வந்துடுச்சு. போன வாரம் டவுன்ஹால்ல நானே எழுந்து பேசினேன்.

அதனால நிவேதா அக்கா, அந்தப் பொண்ணை ஏஐ யூஸ் பண்ணாதன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அந்த ரிட்டயர் ஆகுறவர்கிட்ட போய் பேசிட்டு வா, வந்து என்ன கேட்டேன்னு எனக்கு வாயால சொல்லு, அப்புறம் எழுதுன்னு சொல்லுங்க. போய்ப் பேசணும்னு எங்களுக்கு யாரும் சொல்லித் தரல அக்கா, டெம்ப்ளேட் தான் குடுத்தாங்க. டெம்ப்ளேட்டை நிரப்புறதுக்கு மெஷின் போதும்னு நாங்க நினைச்சது அதனால தான்.

டெக்னிக்கலா ஒண்ணு: தமிழ் ரொம்ப மோசம்னு 2023-ல ட்ரை பண்ணிட்டு விட்டவங்க திரும்பப் பாருங்க. சாட்ஜிபிடி மாதிரி டூலுக்குள்ள இருக்குற ஏஐ மாடல் எழுத்தைத் துண்டு துண்டா வெட்டித்தான் படிக்கும், தமிழுக்கு அந்தத் துண்டு ரொம்ப அதிகமா ஆகும், அதனால மெதுவா வரும், செலவும் கூட. 2024 மே மாசம் ஜிபிடி 4ஓங்கிற மாடல் வந்தப்போ, சாட்ஜிபிடியைப் பண்ணின ஓபன்ஏஐ கம்பெனி காட்டின ஒரு உதாரணத்துல 116 துண்டா இருந்த தமிழ் வாக்கியம் 35-ஆ குறைஞ்சிருந்துச்சு. வேகம் மாறினது கண்ணுக்கே தெரிஞ்சுது. ஆனா அது எழுதுற தமிழ் இன்னும் ரேடியோ அறிவிப்பு மாதிரி தான் இருக்கு, பேச்சுத் தமிழ்ல எழுதுன்னு சொன்னா எந்த ஊரும் இல்லாத ஒரு பேச்சு வருது.


நிவேதா_காம்ஸ்:

இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் மனசார நன்றி. நேத்து டீமோட உக்காந்தேன். யார் யார் எந்த டூல் யூஸ் பண்றீங்க, யாரையும் எதுவும் சொல்ல மாட்டேன்னு முதல்லயே சொல்லிட்டுக் கேட்டேன். நாலு பேர்ல மூணு பேர் சொந்த அக்கவுண்ட், ஒருத்தர் எம்டியோட பேச்சு டிராஃப்டையே போட்டிருக்கார், அதுல அறிவிக்காத ஒரு விரிவாக்கம் இருந்துச்சு. ஐஆர் டெஸ்க் சார் சொன்னதைப் படிச்சுட்டு தான் அது எவ்வளவு பெரிய விஷயம்னு எங்களுக்கே உறைச்சுது. கம்பெனி செக்ரட்டரி கிட்ட நானே போய் சொல்லிட்டேன், நாளைக்கு மீட்டிங். அந்த அக்கவுண்ட் எல்லாம் இன்னைக்கு மூடியாச்சு.

மீடியா மானிட்டரிங், மீட்டிங் குறிப்பு, பழைய ஆவணம் தேடுறது, இங்கிலீஷ் சரி பாக்குறது இது நாலையும் வர்ற வாரமே ஆரம்பிக்கிறோம். எம்டி மேற்கோள், இரங்கல், போனஸ் சம்பளம் சம்பந்தமா தொழிலாளிக்குப் போற எதுவும், அறிவிக்காத எதுவும் உள்ள போகாது. இதுல எம்டி மேற்கோளுக்கு தான் மேல எதிர்ப்பு வரும்னு நினைக்கிறேன், அஞ்சு நிமிஷம் கேட்டா கிடைக்காது அவர்கிட்ட. ஆனாலும் கேக்கப் போறேன்.

மணி நேர நம்பர் பத்தி யாரும் சொல்லல, அதனால நானே ஒண்ணு யோசிச்சேன். மிச்சமான நேரத்தை மட்டும் குடுக்காம, அந்த நேரத்துல யாரைப் போய் பாத்தோம்னு பக்கத்துல ஒரு கட்டம் போட்டுக் குடுக்கப் போறேன். இந்த மாசம் அதுல முதல் வரி, அந்தப் பொண்ணு ஓசூர் போனது. காலைல சதாப்தி பிடிச்சு பெங்களூரு போய் அங்க இருந்து பஸ்ல திரும்பி வந்து, ப்ரெஸ் ஷாப்ல ஒரு மணி நேரம் நின்னு, அவர் சொன்ன அந்த ரெண்டு சத்தத்தையும் போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டு வந்திருக்காங்க. மேகஸின்ல க்யூஆர் கோடா போடலாமான்னு கேக்குறாங்க.

ஷிஃப்ட் ஏ சார், அந்த 140 வார்த்தைப் பட்டியலை அனுப்ப முடியுமா? எங்க லைன்ல வேற மாதிரி சொல்ற வார்த்தையைச் சேத்து திருப்பி அனுப்புறேன்.


ஓசூர்_ஷிஃப்ட்_ஏ:

தாராளமா மேடம், திங்கக்கிழமை அனுப்புறேன். அதுல ஒரு அறுபது வார்த்தை எங்க யூனியன் செயலாளர் உக்காந்து சொன்னது, அதே மனுஷன் தான், பேப்பரைக் கிழிச்சுட்டு வந்தவர். பட்டியல் மேல அவர் பேரும் இருக்கு, எங்க போட்டாலும் அதை எடுக்காம போடுங்க.